நாற்பத்திரண்டு டைம் வாக்கியங்களும் விட்டுப்போன ஒன்றும்

அவையை ஆள அமர்ந்திருக்கும் தலைவர் அவர்களே! ‘இவன் எப்போது முடிப்பான்’ என்ற கவலையை முகத்தில் காட்டாமல் அவரருகே வீற்றிருக்கும் செயலாளர் அவர்களே! துவைத்து, உலர்த்தி, தேய்த்து, மடித்து, ஊரார் உடுத்தும் துணிக்கெல்லாம் வெண்மை வழங்கும் உழைப்பாளர்களே! முன்வரிசையை நிறைத்திருக்கும் மூத்தோரே! ஷிப்ட் முடிந்த கையோடு, ஈரக் கையைக்கூடத் துடைக்காமல் ஓடி வந்திருக்கும் தாய்மார்களே! உட்கார இடம் இருந்தும் விசிலடிக்க வசதியாகப் பின்னால் நிற்கும் என் அருமை மாணவர்களே! இந்தச் சலவைக்கூடத் தொழிலாளர் மாலை வகுப்பின் ஆங்கில வாத்தியார், உங்கள் அனைவரையும் வணங்கி நிற்கிறேன்!

ஆண்டு விழாவிலே அறிவுரை வழங்குவான் என்று எதிர்பார்த்து வந்தீர்களா? ஏமாந்தீர்கள்! என் குட்டு உடைந்த கதையை என் வாயாலேயே உரைக்க வந்திருக்கிறேன்.

ஆங்கிலத்திலே ‘டைம்’ என்றொரு சொல் உண்டு. அதை வைத்துக்கொண்டு அவர்கள் ஆடும் ஆட்டம் இருக்கிறதே, அப்பப்பா! டைமைச் செலவழிக்கிறார்கள், சேமிக்கிறார்கள், வாங்குகிறார்கள், தொலைக்கிறார்கள். போதாதென்று கொல்லவும் செய்கிறார்கள்! ‘கில்லிங் டைம்’ என்கிறார்கள். நாம் பொழுதைப் போக்குவோம், பொழுதை ஓட்டுவோம், பொழுதைக் கொல்வோமா? அது நமக்கு என்ன கெடுதல் செய்தது?

இந்தச் சொல்லில் சொக்கிப்போனேன். வகுப்பிலே ஒரு வழக்கம் வைத்தேன். வாசலில் நின்று, டைம் வரும் ஓர் ஆங்கில வாக்கியம் சொல்ல வேண்டும், சொன்னால்தான் நாற்காலி. அவர்களுக்குச் சொல்லித்தர, சலவைக்கூடச் சுவரில் ஒட்டிய அறிவிப்புகளைப் பார்த்தேன், மேலாளர்கள் பேசுவதைக் கேட்டேன், நாற்பத்திரண்டு வாக்கியங்களை நோட்டிலே எழுதினேன். ‘கம் ஆன் டைம்!’ ‘டைம் இஸ் அப்!’ ‘டோண்ட் வேஸ்ட் டைம்!’ எத்தனை கம்பீரம்! எத்தனை கச்சிதம்!

யாரது? ‘டீ டைம்’ என்றா? ஆமாம் ஐயா, அதை மட்டும் முதல் நாளே மனப்பாடம் செய்துவிட்டீர்கள். அதிலே எனக்கு வேலையே வைக்கவில்லை!

அந்த வகுப்பிலே ஓர் அம்மையார். எல்லோருக்கும் அவர் பாய்லர் அக்கா. துவைக்கவும் தேய்க்கவும் நீராவி தருகிற பாய்லர் அறையிலே பதினோரு ஆண்டு வேலை. பர்னர் சத்தம் லேசாக மாறினால் போதும், சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டு எழுந்துவிடுவார். அப்படிப்பட்டவருக்கு வந்தது ஒரு சோதனை. இனி உரிமம் பெற்றவர்தான் பாய்லரைத் தொடலாம் என்றது நிர்வாகம். தேர்வாளர் வெளிநாட்டுக்காரர். கேள்வியும் ஆங்கிலம், பதிலும் ஆங்கிலம். இரண்டே வாய்ப்பு. இரண்டிலும் தவறினால் பாய்லர் அறைச் சாவியைக் கொடுத்துவிட்டு மடிப்பு மேசைக்குப் போக வேண்டும்.

முதல் தேர்வு. ‘பாய்லரின் கண்ணாடிக் குழாயிலே தண்ணீர் மட்டம் தெரியவில்லை. முதலில் என்ன செய்வாய்?’ என்று தேர்வாளர் கேட்டார். பதில் அக்காவுக்குத் தெரியாதா? தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாரே! தமிழிலே தொண்டை வரை வந்த பதில் ஆங்கிலமாகி வெளியே வரமாட்டேன் என்று அடம்பிடித்தது. தேர்வாளர் பேனாவால் மேசையைத் தட்டுகிறார். ‘கொஞ்சம் பொறுங்க’ என்று சொல்ல வேண்டும். எப்படிச் சொல்வது? என் நாற்பத்திரண்டு வாக்கியங்களையும் மனதிலே புரட்டியிருக்கிறார். மரியாதையாகத் தோன்றியது ஒன்றுதான். “சாரி ஃபார் வேஸ்டிங் யுவர் டைம், சார்!”

உங்கள் நேரத்தை வீணாக்கியதற்கு மன்னியுங்கள் என்றால் அந்த மனிதர் என்ன நினைப்பார்? தேர்விலிருந்து விலகிக்கொள்கிறார் என்று நினைத்தார். ‘நோ பிராப்ளம்’ என்று சிரித்தார், ஃபைலை மூடினார், அடுத்தவரை அழைத்தார். போச்சு!

மறுநாள் மாலை வாசலில் வந்து நின்றார் பாய்லர் அக்கா. நடந்தது தெரியாத நான் வழக்கம்போல, “என்னம்மா, இன்னைக்கு வாக்கியம்?” என்றேன்.

“வாக்கியமா? உங்க நோட்டை எடுங்க சார். எனக்குக் கொஞ்சம் டைம் குடுங்கன்னு கேக்குற மாதிரி அதுல ஏதாவது இருக்கா? ஒண்ணே ஒண்ணு காட்டுங்க, நான் வாயை மூடிக்கிறேன்.”

புரட்டினேன். முதல் பக்கம் புரட்டினேன், கடைசிப் பக்கம் புரட்டினேன், முன்னும் பின்னும் புரட்டினேன். இல்லை! ஒன்றுகூட இல்லை!

“திட்டு வாங்குறதுக்கு நாப்பது கத்துக்குடுத்தீங்க. மன்னிப்புக் கேக்க ரெண்டு கத்துக்குடுத்தீங்க. நமக்கு வேணும்னு கேக்குறதுக்கு ஒண்ணு கத்துக்குடுத்தீங்களா சார்?”

தேய்ப்புப் பிரிவுக்காரர் எழுந்து, “விடுக்கா, சார் பாவம்” என்றார்.

“பாவமா? இன்னொரு தடவை தவறுனா மடிப்பு மேசைக்குப் போறது நானா, சாரா?”

நறுக்கென்று கேட்டார். அறிவிப்புப் பலகையில் இருந்ததெல்லாம் ஆள்பவர் பேச்சு. அதையே அள்ளி அள்ளி ஊட்டியிருக்கிறேன். அன்றுதான் கரும்பலகையை அழித்துவிட்டுப் புதிதாக எழுதினேன்: ‘ப்ளீஸ் கிவ் மீ டைம். ஐ நீட் டைம் டு திங்க்.’ எனக்கு நேரம் கொடுங்கள், யோசிக்க வேண்டும். அவ்வளவுதான்!

மூன்று வாரம் பயிற்சி. வாக்கியம் ஒரே நாளில் வந்துவிட்டது. வராதது எது தெரியுமா? கேட்ட பிறகு சும்மா இருப்பது! ‘கிவ் மீ டைம்’ என்பார், மூச்சு விடுவதற்குள் ‘சாரி சார்’ என்பார். கேட்கத் தெரிந்தவருக்கு எடுத்துக்கொள்ளத் தெரியவில்லை. ஆகவே வகுப்பே தேர்வாளராக மாறியது. ஒருவர் பேனாவைத் தட்டுவார், ஒருவர் செருமுவார், ஒருவர் கொட்டாவி விடுவார். அக்கா அசையாமல் உட்கார்ந்து பழகினார்.

செயலாளர் துண்டுச்சீட்டு நீட்டுகிறார். ‘சுருக்கமாக’ என்று எழுதியிருக்கிறார். ஐயா, இந்தக் கதையைச் சொல்லும்போதா? இரண்டே நிமிடம்! என்ன, சபையோரே, கொடுக்கலாமா? கேட்டீர்களா ஐயா கரவொலியை!

இரண்டாம் தேர்வு. கதவுக்கு வெளியே பெஞ்சிலே நான் உட்கார்ந்திருக்கிறேன். நடுவிலே கண்ணாடிக் கதவு. ஒரு விரல் அளவு திறந்திருக்கிறது. அதே தேர்வாளர், அதே கேள்வி. தண்ணீர் மட்டம் தெரியவில்லை, முதலில் என்ன செய்வாய்? அக்கா நிமிர்ந்தார். “ப்ளீஸ் கிவ் மீ டைம். ஐ நீட் டைம் டு திங்க்.”

அப்புறம் மௌனம். பத்து நொடி, இருபது நொடி, அரை நிமிடம்! பேனா தட்டுகிறது, அக்கா அசையவில்லை. ஒரு நிமிடம்! ‘சாரி’ மட்டும் சொல்லிவிடாதே தாயே என்று எல்லாத் தெய்வங்களையும் கூப்பிடுகிறேன். ஒன்றரை நிமிடம்! பேனா நின்றது. அக்கா வாய் திறந்தார். “நோ வாட்டர். ஃபர்ஸ்ட், ஸ்டாப் ஃபயர்.” சூடேறிய பாய்லரில் பச்சைத் தண்ணீரை விடாதே, முதலில் தீயை நிறுத்து! ஓர் எழுத்து பிசகாத பதில்!

தேர்வாளர் புருவத்தை உயர்த்தினார். இதற்கு ஒன்றரை நிமிடமா, பாய்லர் காத்திருக்குமா என்று கேட்டார். நோட்டிலே இல்லாத கேள்வி! நான் சொல்லித் தராத கேள்வி! அக்கா சிரித்துக்கொண்டே சொன்னார்:

“பாய்லர் ரூம், டூ செகண்ட்ஸ் சார். இங்கிலீஷ், ஐ நீட் டைம்!”

அடிங்க விசிலை! அந்த மனிதர் எழுந்து நின்று கை கொடுத்தார் ஐயா! பெஞ்சிலே உட்கார்ந்து நான் குழந்தைபோல அழுதேன்.

தோழர்களே! தயங்குகிறவன் தெரியாதவனா? திணறுகிறவள் திறமையற்றவளா? இன்னொருவர் மொழியிலே பதில் சொல்ல ஒன்றரை நிமிடம் கேட்பது பிச்சையா? இல்லை! உரிமை! கூசாமல் கேளுங்கள், கொடுத்ததைக் குறையாமல் எடுத்துக்கொள்ளுங்கள், நடுவிலே மன்னிப்புக் கேட்காதீர்கள்!

பொறுமையோடு கேட்ட பெரியோருக்கும், கால் வலியோடு நின்ற உழைப்பாளர்களுக்கும், இரண்டு நிமிடம் இரவல் தந்த செயலாளருக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. உரிமத்தைத் தலைவர் கையால் பெற்றுக்கொள்ள, பாய்லர் அறைப் பொறுப்பாளர் அவர்களை மேடைக்கு அழைக்கிறேன். அவர் மெதுவாகத்தான் வருவார். யாரும் அவசரப்படுத்த வேண்டாம். வணக்கம்!