கல்லறைத் தோட்டத்தில் இடமில்லை

ஒத்தக்கடையில் பஸ் ஏறி என் முன்சீட்டில் உட்கார்ந்த இரண்டு பெண்களில் இளையவள் சொன்னாள்.

“மோசே காலமா இருந்தா எங்க அக்காவுக்குக் கல்லறைத் தோட்டத்துல எடம் கெடச்சிருக்கும் மதினி.”

“என்னடி பேச்சு இது?”

“புருசன் தள்ளுதல் சீட்டு குடுத்து வெரட்டுனவ வேறொருத்தர கட்டிக்கிடலாம்னு அவரு சட்டத்துல இருந்துச்சுல்ல. ஏசு அத ஏத்துக்கலைனு பாஸ்டர் வசனம் வாசிச்சு, ரெண்டாவது கட்டுனவளுக்கு எடமில்லைனுட்டாரு.”

“வேதத்துல உள்ளதத்தான சொன்னாரு.”

“அதே வேதத்துல, தப்புப் பண்ணுனவனு ஒரு பொம்பளையக் கல்லெறிய வந்தவங்களே ஏசு பேச்சக் கேட்டு ஒவ்வொருத்தரா போயிட்டாங்களே. நம்ம சபைக் கமிட்டில ஒருத்தரும் எந்திரிக்கல. கூடப்பொறந்த எங்கண்ணனும் உக்காந்துதான இருந்தாரு?”

மதினி ஜன்னல் பக்கம் திரும்பினாள். மாட்டுத்தாவணி வருவதைப் பார்த்துப் பையை எடுத்துக்கொண்டே சொன்னாள்.

“ஒங்க அண்ணன் அன்னையில இருந்து சரியாச் சாப்புடல.”

“அக்காவ கம்மாக்கரையில பொதச்சப்ப, ஒரு பிடி மண்ணு போடக்கூட வரலையே மதினி.”