போர்டில் இருக்கும் நம்பர்

“ஹலோ… ஆமாங்க… ஆமாங்க, போர்டுல இருக்கற நம்பர்தானுங்க. கால்வாய்ப் புகாருங்களா? சொல்லுங்க, சொல்லுங்க.”

அப்துல் கையூம் கல்லாவில் நிமிர்ந்து உட்கார்ந்தார். போர்டு வைத்துப் பதினோரு நாளாகியும் அந்த நம்பருக்கு ஒரு புகார்கூட வந்ததில்லை. இரண்டு பேர் கூப்பிட்டு, அவர் கடையில் சுடும் வர்க்கி பிஸ்கட் கிலோ என்ன விலை என்று கேட்டிருந்தார்கள், அவ்வளவுதான். மழைத்தண்ணீர்க் கால்வாயில் கழிவை விடக் கூடாது என்று விதி வந்ததும், வியாபாரிகள் சங்கத்தில் முதல் ஆளாகக் கையைத் தூக்கி, தன் சொந்த நம்பரையே போர்டில் எழுதக் கொடுத்தவர் அவர். சங்கச் செயலாளர் வேறு. தப்புச் செய்த கடையின் பெயரைச் சனிக்கிழமை பஜார் மைக்கில் வாசிப்பது என்பதும் அவர் யோசனைதான். மைக் என்றால் மனிதருக்கு அப்படியொரு ஆசை.

“யாருங்க… கீழ் லைன் ராஜகுமாரிங்களா? டெய்லரம்மா, தெரியுமே… என்னது, வெள்ளையா? நுரைங்களா… நுரை இல்லீங்களா. கட்டியா… சரி… சரி… ஊட்டு முன்னால பாலத்துக்கடியில அடைச்சிருக்குதா. கம்பி போட்டும் போகலீங்களா…”

நோட்டைத் திறந்து தேதி போட்டார், மணி போட்டார், புகார் கொடுத்தவர் பெயரைப் போட்டார். எதிர் ஜன்னலில் பெர்ன்ஹில் மலைப் பக்கம் வானம் கறுத்துக்கொண்டு வந்தது.

“போன மழைக்கே தண்ணி உள்ள வந்துருச்சுங்களா… மிஷின் மோட்டாரும் போச்சா… அடடா… இப்ப ஊட்டுல என்ன துணி கெடக்குது… ஸ்கூல் யூனிபாரமா. நாப்பது செட்டா? நாளைக்குக் குடுக்கணுமா… பயப்படாதீங்க. ரூல்ஸ் தெளிவா இருக்குது. அந்தக் கால்வாயில மழத்தண்ணி மட்டுந்தான் போகணும். மொத தடவ பேர வாசிப்போம், ரெண்டாந் தடவ அபராதம், மூணாந் தடவ பைப்பவே அடைச்சிருவாங்க. யாராக இருந்தாலும்.”

அந்த ‘யாராக இருந்தாலும்’ போர்டில் சிவப்பு எழுத்தில் இருந்தது. இடம் இல்லை என்று பெயிண்டர் இழுத்தபோது, மற்ற எழுத்தைச் சின்னதாக்கு, இதைப் பெரிதாக்கு என்று போனிலேயே அரை மணி நேரம் மல்லுக்கட்டி வாங்கிய எழுத்து அது.

“ஒண்ணு பண்ணுங்கம்மா. போன வெக்காம, கால்வாயப் புடிச்சுக்கிட்டே மேல நடங்க. எந்த எடத்துக்கு மேல சுத்தமா இருக்குதோ, அங்க ஒரு பைப் இருக்கும். அவந்தான் ஆளு… ஆமாங்க, ரொம்ப சுலபம். நம்மூருல எல்லாம் மேலருந்து கீழதான வரும்.”

தன் மூளையை நினைத்து அவருக்கே பெருமையாக இருந்தது. ஆள் யாரென்று தேடக்கூட வேண்டியதில்லை. பாதி மேட்டில் மெஸ் வைத்திருக்கும் அழகர்சாமிதான். செயலாளர் தேர்தலில் எதிர்த்து நின்றவன் வேறு எப்படி இருப்பான்? கையூம் நோட்டில் ‘குற்றவாளி’ என்ற இடத்துக்கு நேராக அழகர்சாமியின் பெயரை அழகாக, இனிஷியலோடு எழுதி வைத்துவிட்டார்.

“மெஸ் வந்துட்டீங்களா… பின்பக்கம் பாருங்க. வெள்ள இருக்குதா… இருக்குதில்ல? நாந்தான் சொன்னனே… என்னது, அதுக்கு மேலயும் இருக்குதா? நல்லாப் பாருங்க… அவங்க பைப் சாக்கடைக்குப் போகுதுங்களா. அப்படியா…”

இவ்வளவு யோக்கியனாக அழகர்சாமி இருந்திருக்க வேண்டாம் என்று வருத்தமாக இருந்தது. பெயரை அடித்தார்.

“பரவால்லீங்க. இன்னும் மேல வாங்க.”

‘போங்க’ என்பது ‘வாங்க’ ஆகிவிட்டதை அவர் கவனிக்கவில்லை.

“கட்டிய கையில எடுத்தீங்களா… மோந்து பாருங்க. சோப்பா, மெழுகா… ரெண்டும் இல்லீங்களா… என்ன வாசம்?… வர்க்கி வாசமா.”

கடையின் பின்னால் மனைவி ஹாஜிரா வர்க்கித் தட்டுகளைச் சுடுதண்ணீர் ஊற்றிக் கழுவும் சத்தம் கேட்டது. தட்டில் இருப்பது டால்டா. கீழே சமவெளியில் என்றால் உருகினது உருகினபடி எங்கேயோ போய்ச் சேரும். இந்தக் குளிரில் பத்தடி போவதற்குள் உறைந்துவிடும். தினம் காலையில் கல்லாகிக் கிடக்கும் டால்டாவை அடுப்பருகே வைத்து இளக்குகிற மனிதருக்கு, முப்பது வருஷத்தில் இந்த விஷயம் கால்வாய்க்கும் பொருந்தும் என்று தோன்றவே இல்லை.

போன மாதம் கழுவும் தொட்டியைப் பின்பக்கம் மாற்றியபோது, தண்ணீரை எங்கே விடுவது என்று பிளம்பர் வேலன் கேட்டான். அப்போது கையூம் பெயிண்டரோடு போனில் சிவப்பு எழுத்துக்காகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார். போனைக் கையால் பொத்திக்கொண்டு, எங்கயாச்சும் வுடு வேலா என்றார். வேலனும் சொன்ன பேச்சைக் கேட்டுவிட்டான்.

“ஹலோ… இருக்கேங்க. லைன்லதான் இருக்கேன்… இல்லீங்க, சிக்னல் நல்லாத்தான் இருக்குது. ஏனுங்கம்மா, மழ வருதே, நீங்க ஊட்டுக்குப் போயிருங்க, நான் சங்கத்துல பேசி ஒரு கமிட்டி… போக மாட்டீங்களா… ஆமாங்க… நாப்பது செட்டு… ஞாபகம் இருக்குதுங்க.”

கட்டை விரல் சிவப்புப் பொத்தானுக்கு மேல் போய் நின்றது. சார்ஜ் தீர்ந்துவிட்டது என்று அப்புறம் சொல்லிக்கொள்ளலாம். அவருக்கு வெட்கத்தில் காது சுட்டது. தகரக் கூரையில் முதல் நாலு சொட்டு விழுந்தது. கீழ் லைன் வீட்டில் தரையெல்லாம் தைத்துப் பரப்பியிருக்கும் நாற்பது செட்டு யூனிபாரம் கண்ணுக்கு முன்னால் வந்தது. விரலை எடுத்துவிட்டார்.

“நீலப் பைப்புங்களா… இப்பவும் சொட்டுதா… அது யாரு கடைன்னு நீங்க தேட வேண்டாங்க. என்னோடதுதான்.”

அந்தப் பக்கம் ஆரம்பித்த திட்டு நிற்கவே இல்லை. கையூம் போனைக் காதிலிருந்து நகர்த்தாமல் வைத்துக்கொண்டார்.

“ஆமாங்க… ஆமாங்க… நியாயந்தானுங்க… பெரிய செயலாளரு, ஆமாங்க, நானேதான் கேட்டுக்கணும்… போர்டுல பெயிண்ட் அடிச்சது எனக்கில்லாம வேற யாருக்கு, ஆமாங்க…”

கேட்டுக்கொண்டே பின்பக்கம் போய், தண்ணீரை நிறுத்தச் சொல்லி ஹாஜிராவுக்குக் கை காட்டினார். அவர் முகத்தைப் பார்த்துவிட்டு அவள் குழாயை மூடினாள். தட்டுச் சுரண்டும் தகட்டையும் ஒரு காலி டின்னையும் எடுத்துக்கொண்டார்.

“நானே கீழ வந்து சொரண்டி எடுத்தர்றேங்க. சுடுதண்ணி மட்டும் ஊத்திராதீங்க, இன்னும் கீழ போயி அடைச்சுக்கும்… மழ வலுக்கறதுக்குள்ள முடிச்சரலாம்… பைப்ப இன்னைக்கே மாத்தச் சொல்றேன்… நோட்டுலயா? எழுதறேங்க.”

கல்லாவுக்குத் திரும்பி டின்னைக் கீழே வைத்து, அடித்த பெயருக்குக் கீழே தன் பெயரை எழுதினார். இனிஷியல் போடக் கை வரவில்லை. பிறகு அதையும் போட்டார்.

“எழுதிட்டேங்க… சனிக்கிழமையா… வாசிப்பேங்க. யாராக இருந்தாலும்… என்னது? நான் வாசிக்கக் கூடாதா… அப்பறம் யாரு…”

கையூம் கண்ணை மூடிக்கொண்டார். சனிக்கிழமை, பஜார் நடுவில், தொண்டையைச் செருமிக்கொண்டு மைக்கைப் பிடிக்கும் அழகர்சாமி தெரிந்தான்.

“…சரிங்க. அவருகிட்டயே குடுத்தர்றேன். ஏனுங்கம்மா, ஒரே ஒரு தடவ மட்டும் வாசிச்சாப் போதும்னு சொல்லி… ஹலோ… ஹலோ…”

லைன் கட்டாகியிருந்தது. கால்வாய்ப் பக்கத்துப் பின்கதவைத் தட்டும் சத்தம் கேட்டது. தகட்டையும் டின்னையும் எடுத்துக்கொண்டு அவர் கதவைத் திறக்கப் போனார்.