இரண்டு டிக்கெட்

"அண்ணாச்சி, நீச்சல் குளத்துத் தண்ணியில நீலச் சாயம் கலப்பாங்களா?"

சங்கரேஸ்வரி என்னிடம் இதைக் கேட்டபோது அவளுக்குப் பத்து வயது. அவள் அம்மா முருகம்மாள் பம்பாய் மாட்டுங்காவில் எங்கள் கட்டடத்தில் நான்கு வீடுகளுக்குப் பாத்திரம் தேய்த்தாள். பள்ளி விடுமுறையில் மகளையும் கூட்டி வருவாள். எங்கள் சமையலறை ஜன்னலில் நின்றால் பக்கத்து கிளப்பின் குளம் தெரியும். முப்பத்தைந்து வருடம் அங்கே குடியிருந்தும் நான் அதைக் கவனித்ததில்லை. தெரியாதும்மா என்றேன்.

மனதில் தங்கிவிட்ட அந்தக் கேள்வியிலிருந்துதான் பின்னால் கார்டு வந்தது. நான் ஆறுமுகநயினார், மார்க்கெட்டில் எலெக்ட்ரிக் சாமான் கடை வைத்திருக்கிறேன். செவ்வாய்க்கிழமை தவறாமல் செம்பூர் முருகனைப் பார்க்கிறவன். சின்ன உதவிகளை அவன் பெரிதாக எடுத்துக்கொள்வான் என்று நம்புகிறவன். படிப்புக்குக் கொடுக்க ஆட்கள் இருக்கிறார்கள்; ஏழைப் பிள்ளை சிரித்து விளையாட யார் கொடுக்கிறார்கள்? ஊர்க்கார வியாபாரிகள் ஏழு பேரைச் சேர்த்தேன். தாராவி லேபர் கேம்ப் குடியிருப்புப் பிள்ளைகள் மாதம் நூறு ரூபாய் கட்டினால் நாங்கள் நானூறு போட்டு ஒரு கார்டில் ஏற்றிக் கொடுப்போம். நீச்சல், ஸ்கேட்டிங், சினிமா, எதற்கும் தேய்க்கலாம். பிள்ளைகள் அதை மஜா கார்டு என்றார்கள்.

சங்கரேஸ்வரிக்கு அப்போது பதினான்கு. அவள் அப்பா பிச்சை தாராவியில் தோல்பைப் பட்டறை மேஸ்திரி. மனைவி மார்க்கெட்டில் பத்து நிமிஷம் தாமதித்தாலே எவன் கூட நின்ன என்று கேட்கிற மனுஷன்.

"பொம்பளப் புள்ளைக்கு என்ன அண்ணாச்சி மஜா வேண்டிக் கெடக்கு?" என்றார்.

"என் பொறுப்பு பிச்சை."

"ஒங்க வாக்க நம்பித்தான் அனுப்புதேன்" என்று மட்டும் சொன்னார்.

பாதிப் பிள்ளைகளிடம் போன் கிடையாது. அதனால் எல்லாக் கார்டையும் என் நம்பரில் பதிந்தோம். யார் எங்கே தேய்த்தாலும் பெயர், இடம், தொகையோடு எனக்கு மெசேஜ் வரும். காலையில் திருநீறு பூசிக்கொண்டு அவற்றை வாசிப்பேன். முந்தின நாள் இத்தனை பிள்ளைகள் சந்தோஷமாக இருந்திருக்கிறார்கள் என்று மனசு நிறையும். நான் யாரையும் வேவு பார்க்கவில்லை. வந்ததை வாசித்தேன், அவ்வளவுதான்.

அவளுக்குக் குளம்தான் பைத்தியம். வியாழக்கிழமை தவறாமல் போவாள். கடை வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போவாள். "மல்லாக்க மிதக்கேன் அண்ணாச்சி. ஏக்தம் மஸ்த், அம்புட்டு சொகம். நீங்களும் ஒரு கார்டு எடுங்க, தொப்பையாவது கரையும்." கடைப் பையன்கள் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். எனக்குப் பெண் குழந்தை இல்லை.

போன மார்ச்சில் மூன்று வியாழக்கிழமைகள் குளத்து மெசேஜ் வரவில்லை. சயானில் ஒரு தியேட்டரிலிருந்து வந்தது, பகல் காட்சிக்கு. டிக்கெட் நூற்று இருபது. மூன்று முறையும் இருநூற்று நாற்பது போயிருந்தது.

அவளைக் கூப்பிட்டேன். "வியாழக்கிழமை எங்கம்மா போன?"

"குளத்துக்குத்தான் அண்ணாச்சி."

என் முகத்தைப் பார்த்துச் சொன்னாள். கண் கூடத் தாழவில்லை. சினிமாவுக்குப் போனதில் எனக்கு வருத்தமில்லை. அதற்கும் சேர்த்துத்தான் கார்டு. பொய்யைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. சொந்தப் பிள்ளை போல நினைத்தவள் என்னை ஏமாற்றினாள். அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

மறுநாள் பிச்சையைக் கடைக்கு வரச் சொன்னேன். பொறுப்பு என்று வாக்குக் கொடுத்தவன் மறைக்கலாமா? மெசேஜைக் காட்டினேன்.

"ரெண்டு டிக்கெட்டா அண்ணாச்சி?"

"ரெண்டு."

"கூட யாரு?"

"அது இதுல வராது பிச்சை."

எந்தப் பையன் பெயரையும் நான் சொல்லவில்லை. பையன் என்ற வார்த்தையே என் வாயிலிருந்து வரவில்லை. எனக்குத் தெரிந்ததை மட்டும் சொன்னேன். அவர் எழுந்து நின்று என்னைக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

அந்த வாரமே அவளைச் சங்கரன்கோவில் பக்கம் அவர் ஊருக்குக் கூட்டிப் போய்விட்டார். தூரத்துச் சொந்தத்தில் முப்பது வயதுக்காரனுக்கு நிச்சயம் என்று கேள்விப்பட்டேன். மூன்றாம் நாள் முருகம்மாள் கடைக்கு வந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"அது நாந்தான் அண்ணாச்சி."

"எது?"

"ரெண்டாவது டிக்கெட்டு. பம்பாய்க்கு வந்து பதினெட்டு வருசத்துல ஒரு தியேட்டர் வாசல மிதிச்சதில்ல. அவுகளுக்குத் தெரியாமப் போவோம்மான்னு புள்ளதான் கூட்டிட்டுப் போச்சு. நாந்தான்னு சொன்னா என்னக் கொன்னுபோடுவாகன்னு, எவன்டி எவன்டின்னு அடிக்கையிலயும் வாயத் தொறக்கல."

"இப்போ நான் என்னம்மா செய்யணும்?"

"மிசினு தப்பாக் காட்டிருச்சுன்னு போன்ல ஒரு வார்த்த சொல்லுங்க. நீங்க சொன்னா நம்புவாக."

"பொய் சொல்லச் சொல்றியா?"

"ஒங்களுக்கு ஒரு பொய்யி அண்ணாச்சி. எனக்கு எம் புள்ள."

யோசிக்கிறேன் என்று சொல்லி அனுப்பினேன். யோசிக்கவும் செய்தேன். உண்மையைச் சொன்னால் முருகம்மாள் அடிபடுவாள். பொய் சொன்னால் பாவம். அதோடு, வெள்ளிக்கிழமை கூட்டத்தில் இருநூறு கார்டாக உயர்த்துவதாக இருந்தோம். மெசேஜ் தப்பாக வரும் என்று நானே சொன்னதாகத் தெரிந்தால் பணம் போடுகிறவர்கள் என்ன நினைப்பார்கள்? ஒரு பிள்ளைக்காக இருநூறு பிள்ளைகளின் சந்தோஷத்தைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை. நான் போன் செய்யவில்லை. கூட்டம் நல்லபடியாக நடந்தது.

திங்கட்கிழமை செய்தி வந்தது. சங்கரேஸ்வரி தோட்டத்துக் கிணற்றில் கால் தவறி விழுந்து இறந்துவிட்டாளாம். நீச்சல் தெரியாத பிள்ளை என்று பிச்சையும் சொந்தக்காரர்களும் போலீஸில் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.

நேற்று சங்கரன்கோவிலிலிருந்து ஒரு இன்ஸ்பெக்டரம்மா வந்தார். நல்ல மரியாதையாகப் பேசினார். மகளுக்கு நீச்சல் தெரியும், அப்பாதான் அவளைக் கிணற்றடிக்கு அழைத்துப் போனார் என்று முருகம்மாள் மனு கொடுத்திருக்கிறாளாம். தாய் வாய்ச் சொல் போதாது, சான்று வேண்டும் என்றார். குளத்தில் யார் பெயரும் எழுதி வைப்பதில்லை. கூட நீந்திய பெண்களை அவர்கள் அப்பாக்கள் பேச விடவில்லை. கார்டு கொடுத்த சின்னக் கம்பெனியும் இதற்குள் மூடிவிட்டது. இருப்பது என் போனில் உள்ள மெசேஜ்கள் மட்டும்.

"அந்தப் பொண்ணு நீந்துவாளா சார்?"

"நான் கண்ணால் பார்த்ததில்லையே அம்மா" என்றேன். அது சத்தியம். நான் பார்த்ததில்லை.

"பழைய மெசேஜ் இருந்தா எடுத்து வைங்க. நாளைக்கு வந்து வாங்கிக்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான் கடை அறைக்குள் போய் உட்கார்ந்தேன். நீச்சல் குளம், சங்கரேஸ்வரி, அறுபது ரூபாய். இரண்டு வருடத்தில் தொண்ணூற்றொரு முறை. பிச்சை என் ஒரு வார்த்தையை நம்பி மகளை வெளியே அனுப்பியவர். அந்த நம்பிக்கையை அவள் கெடுத்தாள், பொறுப்பு என்னுடையது. அவருக்கு நான் பட்ட கடன் பாக்கி இருந்தது. ஒவ்வொன்றாக அழித்தேன். தியேட்டர் மெசேஜ் மூன்றையும் அழித்தேன். அரை மணி நேரம் ஆயிற்று.

யாரும் பார்க்கவில்லை. பிச்சைக்கும் தெரியாது. நானாகச் சொல்லவும் மாட்டேன். செய்த உதவியைச் சொல்லிக் காட்டுவது எனக்குப் பழக்கமில்லை.