நான்காவது ஆள்

கன்னியாகுமரி மாவட்டத்திலேயே ஒழுங்காகக் காது கொடுத்துக் கேட்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். பெருமைக்காகச் சொல்லவில்லை. முட்டத்தில் அலையடிக்கிற பாறைமேல் உட்கார்ந்து, பக்கத்தில் ஒரு குடும்பம் செல்ஃபிக்காகச் சண்டை போட்டுக்கொண்டிருக்கும்போதே, நாலாயிரம் கிலோமீட்டர் தாண்டி ஐந்து வாட் சக்தியில் வருகிற மோர்ஸ் ஒலியை எழுத்து எழுத்தாகப் பிரித்து எழுதிவிடுவேன். இதற்கெல்லாம் குடியரசு தினத்தன்று கலெக்டர் கையால் சான்றிதழ் கொடுக்கிற வழக்கம் இன்னும் வரவில்லை. வந்தால் வாங்கிக்கொள்ள எனக்கு ஆட்சேபணை இல்லை.

ஸ்மைலின் சார், நம் ஹாம் ரேடியோ கிளப்பின் ஆண்டு மலருக்கு ‘மலையுச்சி வானொலியின் மகிழ்ச்சிகள்’ என்று ஒரு கட்டுரை கேட்டிருந்தீர்கள். கல்லூரிச் சுவரிதழில் நக்கலாக எழுதுகிற பையன்தானே, கொஞ்சம் சிரிப்பாகவே இருக்கட்டும் என்றும் சொன்னீர்கள். செயலாளர் சொல்லைத் தட்டக் கூடாது என்று உட்கார்ந்தேன். எழுத எழுத வேறு மாதிரி வந்துவிட்டது. போடுவதும் போடாததும் உங்கள் இஷ்டம்.

மலரைப் புரட்டுகிற மற்றவர்களுக்காக ஒரு விளக்கம். ஹாம் லைசென்ஸ் வைத்திருப்பவன் சோற்றுப் பொட்டலம் அளவுள்ள ஒரு ரேடியோ செட்டைப் பையில் போட்டுக்கொண்டு மலையேறுவான். உச்சியில் இருபதடி ஃபைபர் தூண்டில் கம்பை நட்டு, அதில் ஆன்டெனாவாக ஒரு கம்பியைக் கட்டி, யாராவது இருக்கிறீர்களா என்று உலகத்தைக் கூப்பிடுவான். நான்கு பேர் பதில் சொல்ல வேண்டும். இரண்டு பக்கமும் லைசென்ஸில் கொடுத்த பெயர்க்குறியை முழுசாகச் சொல்லி, ஒலி எப்படிக் கேட்கிறது என்றும் சொல்லிக்கொண்டால்தான் அது ஒரு ஆள். மூன்று பேரோடு நின்றுவிட்டால் அந்த மலை கணக்கில் வராது. ஏறியது ஏறியதுதான், இறங்கி வந்து கால் பிடித்துவிட்டுக்கொள்ளலாம்.

என்னைக் கேட்டால், கல்யாண வீட்டில் மைக் கிடைத்தவன் செய்கிற வேலையை மூச்சு வாங்கிக்கொண்டு செய்வதுதான் இது. மலையேறித் தன் பெயரைத் தானே கூவி, எவனாவது ‘என்ன?’ என்று கேட்கிறானா என்று பார்ப்பது. இதைச் சுவரிதழில் அப்படியே எழுதினேன். படித்துவிட்டு அதிகமாகச் சிரித்தவன் ஷிஜின். அவனைப் பற்றித்தான் எழுதியிருந்தேன்.

ஷிஜின் என்னோடு படித்தவன், ராஜாக்கமங்கலத்துக்காரன். படிப்பு முடிந்ததும் ஷார்ஜாவுக்கு வேலைக்குப் போனான். நான் இங்கேயே மேற்படிப்பில் சேர்ந்தேன். நான்கு வருஷத்தில் அவன் அறுபத்தொரு மலை ஏறியிருக்கிறான். இங்கே பாதி, ஓமான், நேபாளம், இலங்கை என்று வெளியே பாதி. அதில் ஐம்பத்தெட்டு மலைகளில் நான்காவது ஆள் நான். மற்ற மூன்று பேரும் யாராவது கிடைப்பார்கள். நான்காவது கிடைக்காதபோது என் பெயர்க்குறியைச் சொல்லிக் கூப்பிடுவான். நான் முட்டத்துப் பாறையில் இருப்பேன். அவன் ஏந்திக்கொண்டு போகிற கம்பிகூட நான் அளந்து வெட்டி, ஈயம் வைத்துக் கொடுத்ததுதான். உச்சியில் கைவிரித்து நிற்கிற படம் அவனுடையது. போன வருஷ மலரில் அவன் எழுதிய கட்டுரையின் கடைசி வரி: ‘ஊரிலிருந்து உதவிய நண்பருக்கும் நன்றி.’ நண்பருக்கும் என்பதில் இருக்கிற அந்த ‘உம்’ எனக்குக் கொஞ்ச நாள் தொண்டையில் நின்றது.

போன பக்ரீத் விடுமுறையில் ஜார்ஜியா போவதாக இருவரும் சேர்ந்துதான் திட்டம் போட்டோம். எந்த மலை, எந்தப் பாதை, எந்த நேரத்தில் எந்த அலைவரிசை எல்லாம் நான் குறித்தது. பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்தேன். விசாரிக்க ஏட்டையா வீட்டுக்கு வந்தபோது நான் இல்லை. பையன் எங்கே என்று கேட்டிருக்கிறார். அம்மாவுக்கு ஏற்கெனவே என்மேல் கடுப்பு. “அவன் என்னைக்கு சார் வீட்டுல இருந்தான்” என்றிருக்கிறாள். இந்த முகவரியில் வசிக்கவில்லை என்று எழுதிக்கொண்டு அவர் போய்விட்டார். அந்த நேரத்தில் நான் முட்டத்தில் ஷிஜினுக்குக் காது கொடுத்துக்கொண்டிருந்தேன். ஓமானில் ஒரு மொட்டை மலை, நான்காவது ஆள் கிடைக்கவில்லை என்று கூப்பிட்டிருந்தான்.

திருப்பி விண்ணப்பித்து, அலைந்து, கையெழுத்து வாங்கி, பாஸ்போர்ட் வந்தபோது ஜார்ஜியா விமானம் போய் ஆறு நாள் ஆகியிருந்தது. ஷிஜினுக்கும் வருத்தம்தான். விமானம் ஏறுவதற்கு முன் ஊருக்கு வந்து கம்பியை வாங்கிக்கொண்டு போகும்போது, கிளப் பக்கத்து டீக்கடையில் எல்லோரும் நிற்க, என் தோளில் கைபோட்டுச் சொன்னான்:

“வெசனப்படாத மக்கா. ஏறதுக்கு நான் இருக்கேன். நீ கேக்கதுக்குன்னே பொறந்தவன்லே.”

எல்லோரும் சிரித்தார்கள். உங்களுக்கு டீ சிந்தியது, சார். நானும் சிரித்தேன். முதல் வரியில் நான் சொன்னது அவன் கொடுத்த பட்டம்தான்.

இனி நடந்தது. என் பதிவேட்டில் நிமிடத்தோடு இருக்கிறது.

அன்று மதியம் ஒன்று ஐம்பதுக்கு ஜார்ஜியா மலையிலிருந்து அவன் கூப்பிடுவது கேட்டது. சுத்தமான ஒலி. ஒரு பல்கேரியாக்காரர் கிடைத்தார், பிறகு ஒரு துருக்கிக்காரர், அப்புறம் இத்தாலியில் ஒருவர். மூன்று ஆயிற்று. பிறகு ஒருவரும் இல்லை. சூரியன் சரியில்லாத நாள்களில் அலைவரிசை இப்படித் திடீரென்று செத்துவிடும். வழக்கம்போல என் பெயர்க்குறியைக் கூப்பிட ஆரம்பித்தான். இருபது நிமிடம் கூப்பிட்டான். என் கை மோர்ஸ் கீ மேல் இருந்தது. அழுத்தவில்லை. ஒருநாள் கேட்காதவனாக இருந்து பார்ப்போமே என்று தோன்றியது. அதில் ஒரு சுகம் இருந்தது என்றும் சொல்லிவிடுகிறேன். இதுவரை நான் செய்ததற்குச் சட்டத்தில் பெயர் இருக்காது.

இரண்டு நாற்பதுக்கு அவன் அனுப்பினான். நாங்கள் ஆங்கில எழுத்தில் தமிழை அடிப்போம். “இடி கேக்கு. கைடு எறங்கச் சொல்லுகாரு. காத்துல கம்பு நிக்கல, அவருதான் பிடிச்சிட்டு நிக்காரு. போறேன்.”

நியாயமான எவனுக்கும் இது போதும். மூன்றோடு இறங்குகிறான், மலை கணக்கில் வராது. எனக்கும் போதும் என்றுதான் இருந்தது. ஆனால் யோசித்துப் பாருங்கள், சார். இறங்கி வந்து அவன் என்ன சொல்லியிருப்பான்? இடி வந்து கெடுத்துவிட்டது என்பான். அடுத்த மலரில் மழைக்கும் இடிக்கும் ஒரு பத்தி இருக்கும். கேட்க ஆள் இல்லாததால் இறங்கினேன் என்று எங்கும் வராது. நான்கு வருஷம் அவனுக்காகப் பாறையில் காத்திருந்திருக்கிறேன். ஒருநாள், ஒரு அரைமணி நேரம், அவன் எனக்காக நிற்கட்டும் என்று நினைத்தேன்.

அதற்கு ஒரு வழி உண்டு. ஹாம்காரனுக்குத் தெரியும். பாதிப் பெயர்க்குறி காதில் விழுந்துவிட்டால் எந்த ஹாம்காரனாலும் அந்த இடத்தை விட்டு எழுந்திருக்க முடியாது. வீட்டில் உலை பொங்கி வழிந்தாலும் ‘பாதி கேட்டது, மறுபடி சொல்லுங்கள்’ என்றுதான் கேட்டுக்கொண்டிருப்பான். இந்தியக் குறிகள் ‘வி யு’ என்று தொடங்கும். நான் வி அடித்தேன். யு அடித்தேன். நிறுத்திவிட்டேன்.

உடனே வந்தது. “வி யு, மறுக்கா சொல்லு.”

ஐந்து நிமிடம் விட்டு மறுபடி வி யு. மறுபடி மௌனம். மூன்றாவது தடவைக்குப் பிறகு அவன் அனுப்பியது இது. பதிவேட்டில் அடிக்கோடு போட்டு வைத்திருக்கிறேன்.

“கை தெரியுது. நீதானே மக்கா. ஆன்டெனா போச்சோ. பைய செய். நிக்கேன்.”

மோர்ஸில் ஒவ்வொருவனுக்கும் ஒரு கை உண்டு. வி-யின் கடைசிக் கோட்டை நான் ஒரு இழை நீட்டி அடிப்பேன். அவனுக்கு அது தெரியும் என்பது எனக்கு நினைவில்லாமல் போயிற்று. அந்த நேரத்தில் முழுக்குறியையும் அடித்திருந்தால் அரை நிமிடத்தில் முடிந்திருக்கும். அவனுக்கு நான்காவது ஆள் கிடைத்திருப்பான், இறங்கியிருப்பான். ஆனால் அவனுடைய தொனியில் ஒரு பெருந்தன்மை இருந்தது. ‘பைய செய்’ என்கிறான். உச்சியில் இருக்கிறவன் கீழே இருக்கிறவனுக்குக் கொடுக்கிற அவகாசம். எனக்கு எரிச்சலும் வெப்ராளமுமாக வந்தது.

மொத்தம் பதினொரு தடவை அடித்தேன். ஐம்பது நிமிடம். ஒவ்வொரு தடவையும் அவன் ‘நிக்கேன்’ என்று பதில் சொன்னான். இடையிடையே பட்டாசுத் திரி பொரிகிற மாதிரி ஹெட்ஃபோனில் சடசடவென்று கேட்டது. மின்னல் பக்கத்தில் இருந்தால் அப்படிக் கேட்கும். அவன் காதிலும் கேட்டிருக்கும், எனக்குக் கேட்டதைவிட நன்றாகவே கேட்டிருக்கும். இதை நீங்கள் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

பன்னிரண்டாவது தடவைக்கு அவசியம் வரவில்லை. ‘நிக்’ வரை வந்தது. மீதி வரவில்லை.

மரியாதைக்குப் பத்து நிமிடம் காத்திருந்தேன். பிறகு கம்பியைச் சுருட்டிக்கொண்டு முட்டம் ஜங்ஷனில் ஒரு டீயும் இரண்டு பழம்பொரியும் சாப்பிட்டேன். பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது.

ஷிஜின் ஊருக்கு வந்து சேர ஒரு மாதம் ஆயிற்று. உடம்பில் பெரிய காயம் இல்லை. காது மட்டும் போய்விட்டது, இரண்டும். நரம்பே கருகிவிட்டது, மிஷின் வைத்தாலும் பயனில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஷார்ஜா வேலையும் போயிற்று. நான் ஞாயிறு தவறாமல் போகிறேன். அவன் அம்மா என் தலையில் கைவைத்து ஜெபம் செய்கிறாள். இப்படி ஒரு கூட்டுக்காரன் யாருக்குக் கிடைப்பான் என்று சபையில் சாட்சி சொன்னதாகவும் கேள்வி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் தங்கை அஜிஷா, மழையில் நனைந்து காய்ந்த அவனுடைய பதிவேட்டைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். கடைசிப் பக்கத்தில் மூன்று வரி நிரம்பியிருந்தது. நான்காவது வரியில் ‘வி யு’ என்று மட்டும் எழுதி, பக்கத்தில் பென்சிலால் என் பெயரோடு ஒரு வரி: அனீஷ். பாவம், கம்பி அத்திருக்கும்.

ஷிஜின் என் முகத்தைப் பார்த்தான். இப்போது அவன் குரலுக்கு அளவு கிடையாது, தெருவுக்கே கேட்கும். “அன்னைக்கு ஒனக்க ஆன்டெனாவுக்கு என்னலே ஆச்சு?”

ஃபோனில் தட்டிக் காட்டினேன்: ஆமா, கம்பி அத்துப்போச்சு.

படித்துவிட்டுத் தலையாட்டினான். “சாரமில்ல மக்கா. நீ எவ்வளவு பாடுபட்டிருப்ப.”

அஜிஷாவும் எட்டிப் படித்தாள். “கம்பி அத்தா வி யு மட்டும் எப்பிடிண்ணே போவும்?” என்று மெதுவாகக் கேட்டாள். அவள் பிளஸ் டூவில் இயற்பியல் படிக்கிறாள். டீ ஆறிவிடும் என்று நான் சொன்னேன். அவள் உள்ளே போய்விட்டாள். அதிலிருந்து டீ அம்மாதான் கொண்டுவருகிறாள்.

அப்புறம் அந்த கைடு. கம்பைப் பிடித்துக்கொண்டு நின்றவர். இடி அவர் வழியாகத்தான் இறங்கியது. அவருக்கு இரண்டு பெண் பிள்ளைகள் என்று ஷிஜின் சொல்லி அழுதான். பெயரும் சொன்னான், சின்னப் பெயர்தான். நான் குறித்து வைத்துக்கொள்ளவில்லை. நம் பதிவேட்டில் பேசியவர்களின் பெயரைத்தான் எழுதுவோம். அவர் என்னோடு பேசவில்லை.

ஆக, ஒருவர் உயிரும் ஒருவன் காதும் போயின. நான்தான் செய்தேன், தெரிந்துதான் செய்தேன். நீங்கள் இதைக் காவல் நிலையத்தில் கொடுத்தாலும் எனக்கு வருத்தமில்லை. அதே ஏட்டையா வந்தால் இந்தத் தடவை வீட்டில் இருப்பேன்.

இன்று மட்டும் வீட்டில் இல்லை. மருத்துவாழ்மலை உச்சியில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். அடுத்த மாதம் நேபாளம் போகிறேன். பாஸ்போர்ட் சும்மா கிடக்கிறதே என்றுதான். அதற்கு முன் ஆன்டெனாவைச் சோதித்துப் பார்க்க வேண்டும், வேறு ஒன்றுமில்லை. என் பெயரைக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறேன். ஒன்றரை மணி நேரத்தில் மூன்று பேர் பதில் சொன்னார்கள், ஒருவர் ஜப்பான். நான்காவது வரவில்லை. அஜிஷாவிடம் செட் இருக்கிறது. போன மாதம் லைசென்ஸும் வாங்கிவிட்டாள். கேட்டுக்கொண்டுதான் இருப்பாள் என்று நினைக்கிறேன்.

காற்று பலமாக இருக்கிறது, கம்பு நிற்கவில்லை. ஷிஜின்தான் பிடித்துக்கொண்டு நிற்கிறான். நான் வேண்டாம் என்றுதான் சொன்னேன், கூடவே வந்துவிட்டான். தோவாளைப் பக்கமிருந்து கறுத்துக்கொண்டு வருவதை இப்போது பார்த்துவிட்டான்.

“மேகம் ஏறுதுலே. எறங்குவோமா?”

ஒரு விரலைக் காட்டினேன். இன்னும் ஒரே ஒரு ஆள். சரி என்று தலையாட்டிவிட்டுக் கம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

இடி இன்னும் தூரத்தில்தான் இருக்கிறது. அவனுக்குத் தெரியாது. கேட்கத் தெரிந்தவன் நான் சொல்கிறேன்.