நாய் வண்டி ஜோக்கு

– சிரிச்சிட்டுச் சொல்லுட்டி. பல்லு வலிக்காரி மாதிரி மூஞ்சிய வச்சிட்டுச் சொன்னா பாக்கவங்க என்ன நெனப்பாவ?

– பரவாயில்ல ரசல் சார், அம்மாவ விடுங்க. இப்பதான் லைவ் தொடங்கிருக்கு. அறுநூத்திப் பதினேழு பேரு பாத்துட்டு இருக்காங்க. அம்மா, ஃபோனப் பாக்கண்டாம். என்னப் பாத்துப் பேசுங்க.

– நான் என்னத்தச் சொல்ல மக்கா. இவிய சொல்லுவாவ.

– கேட்டியா ஆன்ஸ்லின், காலைல இருந்து சொல்லிக்குடுக்கேன். மூணே மூணு வரி. ‘எனக்க வீட்டுக்காரரு எழுதின ஜோக்க வாசிச்சு நானும் சிரிச்சேன். என்ன வச்சு எழுதினதுல எனக்கு வெசனமில்ல, பெருமதான். ஞாயித்துக்கெழம ஜோக்குப் புத்தக வெளியீட்டுக்கு எல்லாரும் வாங்க.’ இவ்வளவுதான். இது இவளுக்கு மண்டைல ஏறல. இதையே ஒரு ஜோக்கா எழுதலாம்.

– செம சார், இப்பவும் ஒங்களுக்கு அந்த இது போகல. மக்களே, புதுசா வந்தவங்களுக்காக ஒருக்கா சொல்லிருதேன். நான் ஆன்ஸ்லின், நம்ம ‘சந்தனக்கிண்ணம் பழைய வாசகர்கள்’ குரூப்பு. கிண்ணம் வாரப்பத்திரிக அச்சடிக்கது நின்னு அஞ்சு வருசம் ஆச்சு. ஆனா அந்தப் பேப்பர் மணம் நம்ம மூக்குல இருந்து போகல. அதுல கடைசிப் பக்கத்து ஜோக்கு மன்னன், மணவாளக்குறிச்சி ரசல். அவருக்க வீட்டுலதான் இருக்கோம். முழுப்பேரு ரசலையன். பக்கத்துல இருக்கது ராகேல் அம்மா. அந்த இருநூத்திப் பன்னெண்டு ஜோக்குலயும் ‘என் மனைவி’, ‘என் மனைவி’ன்னு வருமே, அது இவங்கதான்.

– கை தட்டுதாவளா இப்ப?

– ஹார்ட்டு விடுதாங்க சார். சிரிக்க மூஞ்சியும் வருது. சொல்லுங்க, எப்பிடி சார் வாராவாரம் ஒங்களுக்கு ஜோக்கு கெடைச்சுது?

– சுருக்கமா பறஞ்சா, வீட்டுலயே சரக்கு இருக்கு. நான் ஸ்கூல்ல கிளர்க்கு. நாலரைக்கு வீட்டுக்கு வந்தா இவ என்னத்தையாவது காட்டி வச்சிருப்பா. மீனு கரிஞ்சிருக்கும், இல்லெங்கி கடைக்கு விட்டா வேற சாமானத்த வாங்கிட்டு வந்திருப்பா. உடனே ஒரு போஸ்ட் கார்டு. மத்த எழுத்தாளனெல்லாம் மோட்டுவளையப் பாத்து யோசிப்பான். நான் அடுப்பங்கரையப் பாத்தாப் போரும்.

– கமெண்ட்ல எல்லாரும் ஒண்ணத்தான் கேக்காங்க சார். நாய் வண்டி ஜோக்கு.

– அதுவா? தொண்ணூத்தி ஒண்ணு. ‘உங்க வீட்டுல ஒரு நாய் நின்னுதே, எங்க?’ ‘என் மனைவி வச்ச சாப்பாட்ட ஒரு வாரம் போட்டேன்.’ ‘ஓடிப்போச்சா?’ ‘இல்ல, நாய் பிடிக்கிற வண்டி வந்தப்ப அதுவே ஏறி உக்காந்துட்டுது.’

– இத எத்தனவாட்டி கேட்டாலும் சிரிப்பு வருது சார். லிஜா குவைத்துல இருந்து எழுதுதாங்க, ‘ஸ்கூலுக்குப் போற பஸ்ல இதச் சொல்லிச் சொல்லிச் சிரிப்போம், அந்தக் காலம் இனி வராது’ன்னு. டெனிஷ் போட்டிருக்காரு, ‘ஃபோன்ல ஒரு நாளைக்கு ஆயிரம் வருது, ஒண்ணும் மனசுல நிக்கல. அந்த நாய் இப்பவும் நிக்கு’ன்னு.

– கரெக்டு. இப்ப உள்ளவனுக்கு ரசனை கெடையாது. நானும் ஃபேஸ்புக்குல வாரம் ஒண்ணு போடுதேன். நாலு லைக்கு. அதுல ஒண்ணு எனக்க மகன் பெனினு. அவன் வாசிக்காமலே அமுக்குவான்.

– ராகேல் அம்மா, அந்த நாய் வண்டி ஜோக்கு வந்த நாளு ஒங்களுக்கு ஞாபகம் இருக்கா?

– இருக்கு மக்கா. வெள்ளிக்கெழம. கிண்ணம் எப்பவும் வெள்ளிக்கெழமதான் வரும். நாரோயில்ல இருந்து ஆறரை பஸ்ல புத்தகக்கெட்டு வரும். சந்தியில பேபியண்ணனுக்க கடையில எறக்கிப் போடுவாவ. நான் ஆறு மணிக்கே போய் நிப்பேன்.

– நீங்களா போவீங்க? சார் இல்லையா?

– இவிய ஒறங்குவாவ. நான் பால் பாத்திரத்தையும் எடுத்துட்டுப் போயிருவேன். பேபியண்ணன் கத்தியத் தேடுக நேரத்துல நானே கயித்த அவுத்திருவேன். அங்கேயே நின்னு கடைசிப் பக்கத்தப் பாப்பேன். பேரு கெடந்தா ஓடி வருவேன். இல்லெங்கி பைய வருவேன்.

– கேட்டீங்களா மக்களே? இப்ப உள்ள பிள்ளையளுக்கு இது வெளங்குமா? புருசனுக்க பேரு அச்சுல வந்திருக்கான்னு ஒரு பொம்பிள விடியக்காலம் கடைவாசல்ல போய் நின்னிருக்காங்க. இந்தப் பாசமெல்லாம் இப்ப எங்க இருக்கு?

– பேரு வந்த வாரம் இந்த வீடு கிறிஸ்மஸ் மாதிரி இருக்கும் கேட்டியா. நான் பாட்டுப் பாடிட்டு நடப்பேன். ஸ்கூல்ல எல்லாருக்கும் சாயா வாங்கிக் குடுப்பேன். ஒருக்கா பாஸ்டரு பிரசங்கத்துலயே எடுத்துச் சொன்னாரு, நாய் வண்டி ஜோக்க. இவ பொம்பிளயளுக்க பக்கம் மொத பெஞ்சுல இருக்கா. சபை மொத்தமும் இவளப் பாத்துச் சிரிச்சுது.

– அப்ப ஒங்களுக்கு எப்பிடி இருந்துதும்மா?

– நானும் சிரிச்சேன்.

– கேட்டியா? இதத்தான் சொல்லச் சொன்னேன். இப்ப ஒழுங்காச் சொல்லிட்டா பாரு.

– சரி, கிண்ணம் நின்னுபோச்சுன்னு தெரிஞ்ச அன்னைக்கு இந்த வீட்டுல எப்பிடி இருந்துது?

– நான் ரெண்டு நாளு சோறு தின்னல. ஆனா எனக்க வெசனமெல்லாம் ஒண்ணுமில்ல ஆன்ஸ்லின், இவ அழுதா பாத்துக்க. பேபிக்க மகன் வந்து, ‘இனி புத்தகம் வராது மாமா, எல்லாம் ஃபோன்லதான்’னுட்டுப் போனான். இவ அப்பிடியே தரையில இருந்துட்டா. இவளப் பெத்த தள்ளை செத்ததுக்கு இவ இப்பிடி அழல.

– ஓ. அழுதேன்.

– அம்மாவுக்கு இப்பவும் கண்ணு கலங்குது. ஆயிரத்தி எரநூறு பேரு ஆச்சு சார். எல்லாரும் அழுக மூஞ்சி போடுதாங்க. எனக்கே என்னவோ போல இருக்கு.

– அழுதது போரும். ஏட்டி, அந்த பிரைஸ் ஜோக்கப் பத்திச் சொல்லு.

– அது வேண்டாம்.

– ஏன் வேண்டாம்? புத்தகத்துல அதுதான் மொத ஜோக்கு. நீ கேளு ஆன்ஸ்லின். ‘டாக்டர், என் மனைவி நாப்பது நாளா வாயே தெறக்கல.’ ‘அதுக்கு மருந்து வேணுமா?’ ‘வேண்டாம் டாக்டர், இதே நோய் என் மாமியாருக்கும் வர வழி உண்டா?’

– அய்யோ சார், இது எல்லாருக்கும் தெரியும். விக்டோரியான்னு ஒருத்தங்க, ‘எங்க அப்பா இத வெட்டி அலமாரியில ஒட்டிருந்தாரு’ன்னு போட்டிருக்காங்க.

– எவர்சில்வர் கொடம் அனுப்பினான் கிண்ணக்காரன். எனக்க பேரு வெட்டின கொடம். அதுலதான் இவ ரொம்ப வருசம் தண்ணி கோரினா.

– அந்த நாப்பது நாளு உண்மையாக்கும் மக்கா.

– என்னம்மா?

– நாப்பது நாளு நான் பேசல. எனக்க மோளு அபினா, ஒண்ணரை வயசு. காய்ச்சல் வந்து நாலு நாள்ல போய்ட்டா. அதுக்குப் பொறவு எனக்கு வாயில சத்தம் வரல. எனக்க அம்ம வந்து கூட இருந்தா. அவ இங்க இருக்கது இவியளுக்குப் பிடிக்கல.

– நல்ல காரியம் பேச வந்த எடத்துல எதுக்கு செத்த கதைய எடுக்க? ஆன்ஸ்லின், நீ அடுத்த கேள்வியக் கேளு.

– எனக்கு இது தெரியாதும்மா. தெரிஞ்சா கேட்டிருக்க மாட்டேன். சார், லைவ் கொஞ்சம் பிந்தித்தான் ஓடும். அவங்க இன்னும் அந்த ஜோக்குக்கே சிரிச்சிட்டு இருக்காங்க. கட் பண்ணிரட்டா?

– எதுக்கு கட் பண்ண? நான் என்ன களவா செஞ்சேன்? துக்கத்தையும் சிரிப்பாக்குதவன்தான் எழுத்தாளன். கடைசியில ‘மாமியாரு’ன்னு ஒண்ணு வச்சேன் பாரு, அது எவனுக்கு வரும்?

– அத நீங்க வைக்கல.

– என்னது?

– மாமியாரு நீங்க வச்சது இல்ல. நீங்க எழுதின கார்டுல, ‘இந்த நோய் தீராம இருக்க மருந்து குடுங்க’ன்னு முடிச்சிருந்திய.

– அது எடிட்டரு தட்டிக் கொட்டினது. அங்க ஒரு சொல்லு இங்க ஒரு சொல்லு மாத்துவாரு. எல்லா எழுத்தாளனுக்கும் உள்ளதுதான்.

– எடிட்டருக்கு ஒங்களுக்க கார்டு போனதே இல்ல.

– அம்மா, எனக்கு வெளங்கல. கொஞ்சம் தெளிவாச் சொல்லுங்க.

– கார்ட எழுதி எனக்க கையிலதான் தருவாவ மக்கா, தபால்பெட்டியில போட. ஏழாங்கிளாஸ்காரிக்கு என்ன வெளங்கும்னு நெனப்பு. கார்டு தொறந்துல்லா கெடக்கு, நடந்துட்டே வாசிப்பேன். ஒண்ணும் கொள்ளாது, சிரிப்பே வராது. வேற கார்டு வாங்கி, நான் ஒழுங்கா எழுதி, இவியளுக்க பேரும் அட்ரசும் வச்சுப் போட்டிருவேன். இவிய எழுதினத அடுப்புல வச்சிருவேன்.

– நாய் வண்டி ஜோக்கும் நீங்களா?

– இவிய ‘நாய் ஓடிப்போச்சு’ன்னு நிறுத்திட்டாவ. அதுக்கு யாரு சிரிப்பா? அன்னைக்கு சந்தியில நாய் வண்டி நின்னுது. அதப் பாத்துட்டு எழுதினேன்.

– பச்சப் பொய்யி. ஆன்ஸ்லின், இவளுக்கு சுகர் ஏறினா இப்பிடித்தான் வாய்க்கு வந்தது பேசுவா. ஃபோன அந்தப் பக்கம் திருப்பு.

– பெனினப் பெறதுக்கு நான் அம்ம வீட்டுக்குப் போனேன். ஆறு மாசம். அப்ப நீங்கதான் கார்டு கொண்டுபோய்ப் போட்டிய. எத்தன வந்துது?

– அப்ப எடிட்டரு மாறியிருந்தாரு.

– எத்தன வந்துது?

– எடிட்டரு மாறியிருந்தாருன்னு சொல்லுதேன்லா.

– நான் பிள்ளையோட திரும்பி வந்த மூணாம் வாரம் ஒண்ணு வந்துது. அதே எடிட்டருதான். இப்ப ஃபோன்ல நீங்களே போட்டிருதிய. எனக்க கைக்கு வராதுல்லா. அதான் நாலு லைக்கு.

– சார், எழும்பாதீங்க. ஸ்டாண்டு தட்டிரும். இருங்க சார். மூவாயிரம் பேரு தாண்டிட்டு. ‘அம்மா செம ஆக்டிங்’னு போடுதாங்க. இது சார் எழுதின ஸ்கிரிப்ட்டான்னு கேக்காங்க.

– ஓ, ஸ்கிரிப்ட்டுதான். அப்பிடியே சொல்லு அவங்ககிட்ட. ரசலுக்க இருநூத்திப் பதிமூணாவது ஜோக்குன்னு சொல்லு. கேட்டியாட்டி? ஸ்கிரிப்ட்டுன்னு சொல்லு. மூஞ்சியத் தூக்கிச் சொல்லு.

– அப்பிடியாம்மா? ஸ்கிரிப்ட்டா?

– இவிய சொன்னா அப்பிடித்தான் மக்கா.

– பாத்தியா? முடிஞ்சுது. எல்லாரும் சிரிக்காவளா?

– சிரிக்காங்க சார். இன்னைக்கு இவ்வளவு பேரு சிரிச்சு நான் பாத்ததில்ல. ஆனா எனக்கு ஒண்ணு கேக்கணும். ஸ்கிரிப்ட்டுன்னே வச்சுக்கிடுவோம். அம்மா, நீங்கதான் எழுதினீங்கன்னா, ஒங்களையே இப்பிடிக் கேவலப்படுத்தி எழுதுவீங்களா? அந்த நாப்பது நாள எழுதுவீங்களா? பக்கத்துல வந்து இருந்த ஒங்க அம்மையக் கொண்டு அதுல வைப்பீங்களா?

– அப்பிடிக் கேளு ஆன்ஸ்லின். பொய்யின்னு அதுலயே தெரியுதே. எந்தப் பொம்பிள தன்னப்பத்தி அப்பிடி எழுதுவா? சொல்லுட்டி, எதுக்கு எழுதின?

– கொள்ளாத ஜோக்கு போனா போடமாட்டான். என்னக் கொஞ்சம் கொறச்சு எழுதினாலும் போடமாட்டான். ரெண்டு மூணு தடவ எழுதிப் பாத்தேன், வரல. நாய்க்கும் கீழ எழுதினாத்தான் வந்துது. அந்தத் தடவ கார்டுல எடம் மிச்சம் கெடந்துது, அம்ம பக்கத்துல இருந்து கஞ்சி ஆத்திட்டு இருந்தா. அவளப் பாத்துட்டே எழுதினேன். கட்டாயம் வரும்னு தெரிஞ்சுது.

– வந்து ஒங்களுக்கு என்னம்மா கெடைச்சுது? பேரு அவருக்கு. புத்தகமும் அவருக்கு. ஊரு சிரிச்சது ஒங்களப் பாத்து.

– ஏழு நாளு கெடைக்கும் மக்கா. ஜோக்கு வந்துட்டா, அடுத்த வெள்ளிக்கெழம வரைக்கும் இவிய என்ன அடிக்கமாட்டாவ.