பிரியாணிக்கு முன் ஒரு கேள்வி

முனைவர் பட்டத்துக்கான பொது வாய்மொழித் தேர்வுக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் பிரியாணிக்காக வருகிறவர்கள். சங்கரன்கோவிலில் மட்டும் அப்படி என்று நினைக்காதீர்கள். விசாரணைக் குழுவில் உட்கார்ந்திருக்கும் நீங்களும் அப்படிப் பந்தி வைத்துத்தான் டாக்டர் ஆனீர்கள்.

அவையில் எழுந்து கேள்வி கேட்பவர்களும் நம் ஆட்களே. நெறியாளர் கேள்வியைச் சீட்டில் எழுதிக் கொடுப்பார். ஆய்வாளர் பதிலை மனப்பாடம் செய்து வருவார். பிறகு கைதட்டல், பொன்னாடை, இலை. என் மாணவி இசக்கிசெல்விக்கும் அப்படித்தான் ஏற்பாடு செய்தேன். ஒரு சீட்டை மட்டும் அவளிடம் காட்டவில்லை.

கரிவலம்வந்தநல்லூர் நடவுப் பாடல்கள் அவள் தலைப்பு. வெயிலில் வரப்பு வரப்பாக அலைந்து பதிவு செய்தாள், பாவம். அதே பாடல்களில்தான் நானும் பட்டம் வாங்கினேன். பாட்டையும் பாடியவர்கள் பெயரையும் லாட்ஜ் அறையில் உட்கார்ந்து நானே எழுதினேன். நன்றாகவே எழுதினேன். இவள் அந்தப் பெயர்களைத் தேடிப் போய், அப்படி யாரும் அவ்வூரில் இருந்ததில்லை என்று அடிக்குறிப்பு போட்டுவிட்டாள். மாணவர் ஆய்வேட்டை நெறியாளர் படிக்கும் வழக்கமில்லை. கையெழுத்துப் போட்ட பிறகுதான் பார்த்தேன்.

அவளுடைய முக்கியமான இயலை என் பெயரில் கட்டுரையாக்கினேன். பழைய தேதி போட்டு அச்சடித்துத் தரும் ஆய்விதழ்கள் உண்டு, உங்களுக்குத் தெரியாததா. என் இன்னொரு மாணவன் காசிராஜனிடம் சீட்டைக் கொடுத்தேன்.

"ஏலே, இத வாசிச்சிட்டு உக்காந்திரு. மத்தத நான் பாத்துக்கிடுதேன்."

அவன் எழுந்து, இந்த இயல் உங்கள் நெறியாளர் கட்டுரையிலிருந்து எடுத்ததுதானே என்று கேட்டான். அவள் என்னைப் பார்த்தாள். நான் பேசுவேன் என்று நம்பியிருப்பாள். நான் அந்த இதழை வெளித்தேர்வாளரிடம் நீட்டினேன். பட்டத்துக்குப் பரிந்துரைக்க இயலாது என்று அவர் எழுதிவிட்டுக் கோப்பை மூடினார்.

வெளியே அவள் அப்பா பெருமாள்சாமி அண்டாவுக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். "ஐயா, எம்புள்ள டாக்டராயிட்டாளா? எல போடச் சொல்லட்டா?"

"போடுங்க அண்ணாச்சி" என்றேன். கறி பக்குவமாக வெந்திருந்தது.

எல்லாம் நான் செய்ததுதான். ஆய்வின் தரத்தைக் காக்கவே செய்தேன். அந்த அவையில் பதில் தெரியாத கேள்வி ஒன்று எழுந்தது அன்றைக்குத்தான்.

தேர்வன்று காலையில்கூட அந்த அடிக்குறிப்பை எடுத்துவிடம்மா என்று கேட்டேன். "அப்பிடி யாருமே அங்கன இல்லியே சார்" என்றாள். சரி என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், பொன்னாடையை நானே போர்த்தியிருப்பேன்.