அனுமதி முடிந்த படம்

இல்ல மேடம், கை தவறிப் பண்ணல. தெரிஞ்சுதான் பண்ணேன். உங்க லிஸ்ட்ல முப்பத்தெட்டாவதா இருக்கிற படத்தப் பூட்டினது நான்தான். ஆடிட்டுக்குன்னு தலைமை ஆபீஸ்லேர்ந்து வந்திருக்கீங்க, மழுப்பி உங்க நேரத்த வீணாக்க மாட்டேன். விளக்கம் சரியில்லன்னா வேலை போகும்னு சொல்லிட்டீங்க. எழுதித் தரேன். முதல்ல வாயால சொல்லிடறேனே, எழுதறதுன்னா எனக்குக் கொஞ்சம் இழுக்கும்.

நம்ம பத்திரிகைல வர்ற ஒவ்வொரு படத்துக்கும் ஒரு ஆயுசு உண்டு, தெரியும்ல. யாரு எடுத்தது, எதுக்கெல்லாம் போடலாம், என்னைக்கு வரைக்கும் போடலாம்னு நான் சிஸ்டத்துல ஏத்தணும். தேதி முடிஞ்சா படம் தானா சாம்பல் கலராயிடும். அப்புறம் ஆசிரியரே வந்து அமுக்கினாலும் திறக்காது. பதினோரு வருஷமா இதான் என் பொழப்பு. ஒரு நடிகர் சோப்பு விளம்பரத்துக்குச் சிரிச்ச படத்த, தோல் வியாதிக் கட்டுரைக்குப் போடப் பாத்தாங்க. நான்தான் தடுத்தேன். யாரும் நன்றி சொல்லல, அது வேற விஷயம்.

இந்தப் படமா? ஆஸ்பத்திரி வாசல்ல ஒரு பெஞ்சு. பெரியவர் ஒருத்தர் உக்காந்திருக்கார், மடியில ஃபைலு, வலது கண்ணுல பஞ்சு வச்சு ஒட்டியிருக்கு. பக்கத்துல யாரும் இல்ல. எங்க ஃபோட்டோகிராஃபர் எடுத்ததுதான். நல்லாவே எடுத்திருக்கார், குறை சொல்ல மாட்டேன். பிள்ளைங்க கைவிட்ட பெத்தவங்கன்னு எந்தக் கட்டுரை வந்தாலும் இந்தப் படம்தான். தலையங்கம், கவிதைப் பக்கம், வாசகர் கடிதம், ஒரு தடவ அட்டையிலயே வந்துச்சு. மொத்தம் ஒன்பது தடவ. பக்கம் கட்டுறவங்க பாவம் தாத்தான்னு பேரே வச்சிட்டாங்க. இடம் காலியா இருக்கு, பாவம் தாத்தாவ எடுத்துப் போடுன்னு சத்தம் கேக்கும். நான் ரெண்டு மேசை தள்ளி உக்காந்திருப்பேன்.

அனுமதியில ஏதாவது ஓட்டையான்னா, அதெல்லாம் இல்ல. இருந்தா நல்லா இருக்குமேன்னு நானே தேடினேன். சிஸ்டத்துல எல்லாக் கட்டமும் பச்சை. கையெழுத்து இருக்கு, காலவரை இல்லாமப் போட்டுக்கலாம்னு டிக் இருக்கு. அதுமேல நான் போன வருஷத்துத் தேதி ஒண்ண அடிச்சு விட்டேன். ஆமா மேடம், பொய்த் தேதி. இந்தப் பதினோரு வருஷத்துல அது ஒண்ணுதான்.

முறையான வழி இருக்கே, எனக்கா தெரியாது? படத்துல இருக்கிறவரோ, நெருங்கின சொந்தமோ மனு போட்டா ரெண்டே நாள்ல எடுத்துடுவோம். அந்த விதிய எழுதினதே நான்தான். அவரக் கேட்டிருக்கலாம்தான். வீடு தெரியும். எங்க வீடுதான். அவர் எங்கப்பா.

இருங்க, தண்ணி எல்லாம் வேண்டாம் மேடம், நான் நல்லாத்தான் இருக்கேன்.

அன்னைக்கு அவருக்குக் கண்ணு ஆபரேஷன். பதினோரு மணிக்கு அனுப்பிடறோம்னாங்க. பத்து நிமிஷத்துல வந்துடறேம்ப்பான்னு ஃபோன்ல சொன்னேன். மாசக் கடைசி. இருநூத்துச் சொச்சம் படத்துக்கு அன்னைக்கோட தேதி முடியுது, சரிபாத்து ஒண்ணொண்ணா முடிச்சிட்டு இருந்தேன். போய்ச் சேரும்போது மூணே கால். வண்டியில ஏறும்போது, வெயில் ஜாஸ்திப்பான்னார், அவ்ளோதான். படம் எடுத்தாங்கன்னும் சொல்லல. ஃபோட்டோகிராஃபருக்கு அவர் யாருன்னு இன்னைக்கு வரைக்கும் தெரியாது.

பத்திரிகை வீட்டுக்கு வருது மேடம். ஒன்பது தடவையும் வந்துச்சு. ஆபரேஷனுக்கு அப்புறம் அவருக்குக் கண்ணு நல்லாத் தெரியுது, முதல் வரியிலேர்ந்து கடைசி வரி வரைக்கும் படிப்பார். படிச்சிட்டு மடிச்சு வச்சிடுவார். நானும் வாயத் திறக்கல. திறந்தா எங்கேர்ந்து ஆரம்பிக்கிறது? எனக்கு வெக்கமா இருந்துச்சு, அதான் உண்மை.

மகன்னு நானே மனு போட்டிருக்கலாமேன்னு கேக்கறீங்க. போட்டேனே. மனு நம்பர் இருக்கு, குறிச்சுக்கோங்க. வர்ற மனுவ சிஸ்டம் அனுமதி ஃபார்மோட ஒப்பிட்டுப் பாக்கும். கண்டவன் சொந்தம்னு சொல்லிட்டு வரக்கூடாதுன்னு நான் கேட்டு வாங்கின ஏற்பாடு அது. என் மனுவத் திருப்பி அனுப்பிடுச்சு, விவரம் ஒத்துப்போகலன்னு. அப்பதான் அவர் கையால எழுதின ஃபார்மையே திறந்து பாத்தேன். நெருங்கிய உறவுன்னு ஒரு கட்டம் இருக்கும். ஒத்தக் கண்ணோட எழுதியிருந்தாலும் எழுத்து கோட்டத் தாண்டல. யாரும் இல்லைன்னு எழுதியிருக்கார்.

இல்ல மேடம், சிஸ்டத்துல தப்பு இல்ல. கையெழுத்துக்குக் கீழ நேரமும் போட்டிருக்கார், ரெண்டு மணி பத்து நிமிஷம்னு. அந்த நேரத்துக்கு அது சரியான தகவல்தான்.